கூண்டில் பிறந்த விஷப்பாம்பை வளர்க்கலாமா?

கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஒரே ஈற்றில் 20, 30, சில சமயம் 40க்கு மேலும்கூட வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். மெல்லிய சவ்வைக் கிழித்து வெளியே வந்து, முதல் தடவையாக நாக்கை நீட்டி இழுக்கும். அந்த நேரத்திலேயே அதன் வாயில் மடக்கி வைத்த விஷப்பற்கள் இருக்கின்றன. பின்னால் சுரப்பியும், சுரப்பிக்குள் விஷமும் தயாராக இருக்கின்றன. தாய் கற்றுக்கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. தான் பிறந்தது புதருக்கடியிலா, யாரோ ஒருவரின் பூட்டிய பெட்டிக்குள்ளா என்பது அந்தக் குட்டிக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் அது கடித்தால் ஒரே விளைவுதான்.

விஷப்பாம்பு வளர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார் வெளிநாட்டுப் பாம்புகளைத் தேடிப் போவதில்லை. தங்கள் நாட்டுக் காடுகளில் வாழும் இனத்தையே, ஆனால் காட்டில் பிடிக்காமல், கூண்டில் பெருக்கிய குட்டியாக வாங்கி வளர்க்கிறார்கள். "காட்டுக்கு நஷ்டமில்லை, நம் நாட்டுப் பாம்புதான், மருந்தும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அப்புறம் என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். இதைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. எனக்குப் பாம்புகள் மேல் பிரியம் அதிகம், அதனால் இந்தக் கேள்வியை நானும் பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். நான் வந்து சேர்ந்த இடம் இது: கூண்டில் பிறந்தது என்பது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, இந்தப் பாம்பைக் காட்டிலிருந்து எடுத்தார்களா என்ற கேள்விக்கு. அந்தப் பதிலும் உண்மையாக இருந்தால்தான். மற்ற கேள்விகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

கூண்டில் பிறந்தால் சாது ஆகிவிடுமா?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். நாயும் பூனையும் வீட்டு விலங்கானது பல ஆயிரம் வருடக் கதை. மனிதரைக் கண்டு மிரளாத குட்டிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கினால்தான் ஒரு இனத்தின் சுபாவம் மாறும். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் 1959ல் தொடங்கிய நரி ஆராய்ச்சி இதைக் காட்டியது. ஒவ்வொரு தலைமுறையிலும் மிகவும் சாதுவான சில நரிகளை மட்டும் இணை சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டும் குட்டிகள் பிறந்தன.

பாம்பு விஷயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுப்பது நிறத்தையும் தோல் கோலத்தையும்தான். தலைமுறைக் கணக்கும் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியது. கூண்டில் பிறந்த பாம்பு காட்டுப் பாம்பைவிட அமைதியாக இருப்பது உண்மை. ஆள் நடமாட்டமும் கதவு திறக்கும் சத்தமும் அதற்குப் பழகிவிடுகின்றன. ஒவ்வொரு அசைவுக்கும் சீறிக்கொண்டிருந்தால் அதன் சக்திதான் வீணாகும். ஆனால் பழக்கம் வேறு, பாசம் வேறு. பாம்புக்குப் பால் வார்த்தாலும் விஷத்தைத்தான் கக்கும் என்று பழமொழி சொல்கிறது. பாம்பு துரோகம் செய்யும் என்கிற அந்தத் தொனி எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் அது யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. எலி வாசனை பட்டால் கவ்வும், பயந்தால் கடிக்கும். அது அமைதியாக இருக்கும் மாதங்களில் அசந்துபோவது நாம்தான்.

விஷம் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. தென் அமெரிக்க நச்சுத் தவளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். அந்தத் தவளைகள் தோலில் உள்ள நஞ்சைத் தாங்கள் தின்னும் எறும்பு, உண்ணி போன்றவற்றிலிருந்து சேர்த்துக்கொள்கின்றன. கூண்டில் வேறு இரை தின்று வளர்ந்தால் நஞ்சே இருக்காது. பாம்பின் கதை அப்படியில்லை. அதன் விஷம் வெளியிலிருந்து வருவதல்ல. அதன் சுரப்பி, அதன் மரபணு சொன்னபடி, தானே செய்வது. எலி போட்டு வளர்த்தாலும் எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் அது விஷப்பாம்புதான்.

காட்டில் பிடித்ததா, கூண்டில் பெருக்கியதா?

கூண்டில் பிறந்தது, கூண்டில் பெருக்கியது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றில்லை. சினையாக இருக்கும் விரியனைக் காட்டில் பிடித்து வந்து பெட்டியில் போட்டால், சில வாரங்களில் பெட்டிக்குள்ளேயே முப்பது குட்டி பிறக்கும். அத்தனையும் கூண்டில் பிறந்தவைதான், பொய் இல்லை. ஆனால் அந்தத் தாயும் அதன் ஒரு வருடச் சந்ததியும் காட்டுக்கு இல்லாமல் போயின. 1975 முதல் நடப்பில் உள்ள சைட்டிஸ் என்ற சர்வதேச வன உயிரின வணிக உடன்படிக்கை இதனால்தான் கண்டிப்பாக வரையறுக்கிறது. பெற்றோர் இணை சேர்ந்ததும் கட்டுப்பாட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். பெருக்கும் இடத்தில் இரண்டாம் தலைமுறை வரை குட்டிகள் கிடைத்திருக்க வேண்டும், அல்லது அப்படிக் கிடைக்கும் என்று நிரூபணமான முறையில் அது நடக்க வேண்டும். காட்டிலிருந்து மறுபடி மறுபடி பாம்பு சேர்த்துக்கொண்டே ஓடும் பண்ணை இந்தக் கணக்கில் வராது.

காகிதத்தில் எழுதுவது சுலபம். இந்தோனேசியாவிலிருந்து 'பண்ணையில் பெருக்கியவை' என்ற சான்றோடு ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளைப் பற்றி 2011ல் ஒரு ஆய்வு வந்தது. அவற்றில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று அது கணக்கிட்டது. பச்சை மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது, ஆனாலும் ஏமாற்றும் வழி எல்லாப் பாம்புக்கும் ஒன்றுதான். கண்டுபிடிக்க அந்த ஆய்வாளர்கள் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது: ஏற்றுமதி செய்பவர் முட்டை ஓடுகளையும் சேர்த்துக் காட்டட்டும். குட்டி போடும் விரியன்களுக்கு இந்த வழியும் இல்லை என்பதுதான் வருத்தம்.

உள்நாட்டு இனத்தில் ஏமாற்று இன்னும் எளிது. வெளிநாட்டுப் பாம்பென்றால் விமானத்தில் வரவேண்டும், சுங்கம் தாண்டவேண்டும். உள்நாட்டுப் பாம்போ சாலைக்கு அந்தப் பக்கப் புதரிலேயே இருக்கிறது. ஒரு குட்டி செத்துப்போனால் அதன் உரிமச் சீட்டின்கீழ் காட்டிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் விற்பவரிடம் பெற்றோர் பாம்புகளைக் காட்டச் சொல்லிக் கேட்பதும், பிறந்த தேதி, முதல் இரை தின்ற தேதி, சட்டை உரித்த தேதி உள்ள குறிப்பேட்டைப் பார்ப்பதும் மிகை இல்லை. நேர்மையாகப் பெருக்குபவர்கள் இவற்றைப் பெருமையாகக் காட்டுவார்கள்.

உள்நாட்டுப் பாம்பு என்பதால் என்ன லாபம்?

லாபம் உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பாம்பு தப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் குவாம் தீவு சாட்சி. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் சரக்கோடு வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அந்தத் தீவின் காட்டுப் பறவை இனங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. உள்நாட்டுப் பாம்பு தப்பினால் அந்த அளவுக்குப் போகாது. தட்பவெப்பமும் ஒத்துப்போகும். உள்ளூர் டாக்டர்களுக்கு அந்தக் கடியின் அறிகுறிகள் தெரிந்திருக்கும்.

ஆனால் 'உள்நாட்டுப் பாம்புதானே, மருந்து இருக்கும்' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் எண்ணிச் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் குழிவிரியன்களும் உள்நாட்டுப் பாம்புகள்தான், ஆனால் அவற்றின் கடிக்கென்று அங்கே தனி மருந்து இல்லை. அமெரிக்காவில் பவளப்பாம்புக் கடிக்கு மருந்து தயாரித்துவந்த நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் உற்பத்தியை நிறுத்தியது. மிச்சமிருந்த குப்பிகளின் காலாவதித் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்துத்தான் பல வருடம் சமாளித்தார்கள். பவளப்பாம்பு அங்கே உள்நாட்டு இனம்.

ஒரு தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவது

நெறிமுறை என்று பொதுவாகப் பேசுவதைவிட, தினசரி வேலை ஒன்றைக் கிட்டேயிருந்து பார்ப்பது நல்லது. பெட்டிக்குள் தண்ணீர் அழுக்காகிவிட்டது, மாற்றவேண்டும். நாய் வளர்ப்பவருக்கு அரை நிமிட வேலை.

முதலில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். கதவுக்கடியில் இடைவெளி இருக்கக்கூடாது. தரையில் பாம்பு ஒளிந்துகொள்ளும்படி சாமான் எதுவும் இருக்கக்கூடாது. வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கிறார், இப்போது பெட்டியைத் திறக்கப்போவது அவருக்குத் தெரியும் என்று உறுதிசெய்ய வேண்டும். எலியைத் தொட்ட கை என்றால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கையில் எலி வாசனை இருந்தால் பாம்புக்கு அந்தக் கையே இரை. அப்புறம் கண்ணாடி வழியாகப் பாம்பைத் தேட வேண்டும். தலை எங்கே, உடல் எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறது? பாம்பைக் கண்ணால் பார்க்காமல் பூட்டைத் தொடக்கூடாது. சருகுக்கடியில் இருக்கும் என்று ஊகிப்பது போதாது.

நல்ல அமைப்பில் பெட்டிக்குள்ளேயே ஒரு மறைவிடக் கூடு இருக்கும். அதன் சிறு கதவை வெளியிலிருந்தே இழுத்து மூடலாம். பாம்பு தானாக அதற்குள் போகும் வரை காத்திருந்து மூடினால் பாதி ஆபத்து போய்விடும். இல்லையென்றால் நீளமான கொக்கியால் உடலின் நடுப்பகுதியைத் தாங்கித் தூக்கி, மூடியுள்ள ஆழமான வாளிக்குள் இறக்கி, மூடியைப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகுதான் கை பெட்டிக்குள் போகலாம். கிண்ணத்தைக் கழுவி வைத்து, பாம்பைத் திருப்பி விட்டு, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி முடிக்கும்போது இருபது நிமிடம் ஓடியிருக்கும். உடம்பு சரியில்லாத நாளில், தூக்கம் கெட்ட நாளில், மது தொட்ட நாளில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பாம்பு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும்.

கழிவைச் சுத்தம் செய்யும்போது சில சமயம் அதில் வெள்ளையாக, வளைந்த ஊசி மாதிரி ஒன்று கிடக்கும். அது விஷப்பல். விரியன்கள் வாழ்நாள் முழுக்கப் பல்லை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. விழுந்த பல் இரையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய் வெளியே வருகிறது. உட்குழலில் காய்ந்த விஷம் ஒட்டியிருக்கலாம், காய்ந்த விஷம் நெடுநாள் வீரியம் இழக்காது. அதனால் அதையும் இடுக்கியால்தான் எடுக்கவேண்டும். இந்த அளவு கவனம் வருடத்தின் 365 நாளும் வேண்டும். விரியன்களில் பல இனங்கள் கூண்டில் 20 வருடம் தாண்டி வாழ்கின்றன. ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கினால் இருபது வருடப் பொறுப்பு.

வெறுங்கையால் தூக்கிக் கழுத்தில் போட்டு வீடியோ எடுப்பவர்களைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பாம்புக்கு அதில் எந்த நன்மையும் இல்லை, பார்க்கும் சிறுவர்களுக்குத் தப்பான பாடம் போகிறது.

விஷத்தை எடுத்துவிட்டால்?

சிலர் விஷச் சுரப்பியையோ அதன் குழாயையோ அறுவை செய்து எடுத்துவிட்ட பாம்புகளை வைத்திருக்கிறார்கள். 'இனி ஆபத்தில்லை' என்ற நிம்மதிக்காக. எனக்கு இது எந்த வகையிலும் ஏற்புடையதில்லை. பாம்புக்கு நோய் எதுவும் இல்லை, அதன் நலனுக்கான அறுவையும் இல்லை. வைத்திருப்பவரின் பயத்துக்காகவோ வித்தைக்காகவோ ஒரு ஆரோக்கியமான உயிரின் உடலை அறுக்கிறார்கள். விஷப்பாம்பு வேண்டும், ஆனால் விஷம் வேண்டாம் என்றால் விஷமில்லாத பாம்பு எத்தனையோ இருக்கிறது.

அதோடு அந்த நிம்மதியே பொய்யாகலாம். சுரப்பியில் ஒரு துண்டு மிஞ்சினாலும், அறுத்த குழாய் மறுபடி ஒட்டிக்கொண்டாலும், விஷம் திரும்ப வரும். விஷம் நீக்கியது என்று நம்பிய பாம்பு கடித்து விஷம் ஏறிய சம்பவங்கள் உண்டு. பிறகு அந்தப் பாம்பு கை மாறிக் கை மாறிப் போகும்போது, எது அறுவை செய்தது, எது செய்யாதது என்ற கணக்கு தொலைந்துபோகும். பல்லைப் பிடுங்குவது இதைவிடக் கொடுமை. பின்னால் வரிசையாகக் காத்திருக்கும் பற்கள் சில வாரங்களில் முன்னால் வந்துவிடும். இடையில் வாய் புண்ணாகிச் சீழ் பிடித்து, இரை தின்ன முடியாமல் பாம்பு சாகும்.

கடித்தால் யார் சுமப்பது?

அறிவு இருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் இரண்டு பேரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கார்ல் பேட்டர்சன் ஷ்மிட் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த, உலகம் அறிந்த பாம்பியலாளர். 1957 செப்டம்பரில், அடையாளம் காண்பதற்காக வந்த, பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க இனத்து இளம் பாம்பு ஒன்று அவரைக் கடித்தது. சின்னப் பாம்பு, பெரிதாக ஒன்றும் ஆகாது என்று கருதி, தன் உடலில் நடப்பதை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். மறுநாள் இறந்துபோனார். ராபர்ட் மெர்ட்டென்ஸ் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர சென்கென்பெர்க் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். 1975ல், தான் வளர்த்த ஆப்பிரிக்கக் குச்சிப்பாம்பு ஒன்று கடித்து, இரண்டு வாரத்துக்கு மேல் போராடி இறந்தார். அந்த இனத்துக்கு மருந்தே கிடையாது. இருவருக்கும் தெரியாதது எதுவும் மற்ற வளர்ப்பாளர்களுக்குத் தெரிந்திருக்காது.

வளர்ப்பவர் தன் உயிரைத் தானே பணயம் வைக்கிறார், அது அவர் விருப்பம் என்று சொல்வார்கள். பணயம் வைப்பது அவர் மட்டும்தானா என்று பாருங்கள். பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை இருக்கிறது. தீ விபத்து நடந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் நுழையும் தீயணைப்புக்காரர் இருக்கிறார். அப்புறம் மருந்துக் குப்பி. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வருடத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக் கடியால் சாகிறார்கள். பெரும்பாலும் ஏழை விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள், அவர்களின் பிள்ளைகள். 2017ல் அந்த நிறுவனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பல நாடுகளில் விஷமுறிவு மருந்துக்கு நிரந்தரத் தட்டுப்பாடு. ஒரு கடிக்கு ஒரு குப்பி போதாது, பத்து, இருபது என்று போகும். வயலில் கடிபட்டவருக்கு வேறு வழியில்லை. வேண்டுமென்றே பாம்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவருக்கு வழி இருந்தது. மருந்து தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் இந்தக் கேள்வியின் கூர்மை கொஞ்சம் குறையும். தட்டுப்பாடு உள்ள நாட்டில், என்னைப் பொறுத்தவரை, இந்த ஒரு காரணமே பொழுதுபோக்காக வளர்ப்பதை மறுக்கப் போதும்.

வளர்ப்பவர்களுக்கு இன்னொரு தனி ஆபத்தும் உண்டு. காய்ந்த விஷத் துகள், முந்தைய கடிகள் என்று உடல் விஷத்தைப் பலமுறை சந்தித்தால் அதற்கு ஒவ்வாமை உண்டாகலாம். அடுத்த கடியில் விஷம் வேலை செய்யும் முன்பே ஒவ்வாமை அதிர்ச்சி ஆளைச் சாய்த்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தி வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்கிவிடாதீர்கள்.

எந்தப் பாம்பு கடித்தாலும் செய்யவேண்டியது ஒன்றுதான். அறுக்காமல், உறிஞ்சாமல், கயிறு போட்டு இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட பாகத்தை அதிகம் அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

தப்பினாலும் விட்டாலும்

பூட்டு, கண்ணாடி, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் உள்ள இடத்திலேயே பாம்பு தப்புகிறது. 2011 மார்ச்சில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு எகிப்திய நாகம் காணாமல் போய், ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து அதே கட்டடத்துக்குள் கிடைத்தது. வீட்டு அறை அதைவிடப் பாதுகாப்பானது என்று யாரும் சொல்ல முடியாது.

அதைவிட எனக்குக் கவலை தருவது, வேண்டுமென்றே வெளியே விடுவது. 'உள்நாட்டுப் பாம்புதானே, காட்டிலேயே விட்டால் சந்தோஷமாக இருக்கும்' என்ற எண்ணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூண்டுகளில் பல இடத்துப் பாம்புகள் ஒரே கொக்கி, ஒரே வாளி வழியாக நோயைப் பரிமாறிக்கொள்கின்றன. 1970களில் சுவிட்சர்லாந்தின் ஒரு பாம்புப் பண்ணையில் லத்தீன் அமெரிக்கக் குழிவிரியன்கள் வரிசையாகச் செத்தபோதுதான், பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் முதன்முதலில் தெரியவந்தது. அமெரிக்கக் காடுகளில் கிலுகிலுப்பைப் பாம்புகளின் முகத்தையும் தோலையும் அரிக்கும் பூஞ்சை நோய் ஒன்று கடந்த இருபது வருடங்களாகப் பேசப்படுகிறது. வெளியே விடும் ஒரு பாம்பு எதைச் சுமந்துகொண்டு போகிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இனம் ஒன்றாக இருந்தாலும் இடத்துக்கு இடம் பாம்பின் மரபும் விஷமும் மாறுபடும். இலங்கையின் கண்ணாடி விரியன் கடித்தால் இமை தொங்குவதுபோன்ற நரம்புப் பாதிப்பும் வருகிறது, மற்ற பல பகுதிகளில் அது அவ்வளவு வருவதில்லை. ஒரு பகுதிப் பாம்பை இன்னொரு பகுதியில் விட்டால் இந்த வேறுபாடுகள் கலங்கிப்போகும்.

பாம்பின் பக்கம்

பாம்பு நாய் மாதிரி ஓடியாடுவதில்லை, அதனால் அதற்கு இடம் தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கி வைப்பது அதன் விளைவு. ஒரு பாம்பு உடலை முழுதாக நீட்டிக்கொள்ளவும், வெயில் காயும் இடத்துக்கும் குளிர்ந்த மறைவிடத்துக்கும் மாறி மாறிப் போகவும் முடியவேண்டும். இது குறைந்தபட்சம். பயந்த பாம்பு முனகுவதில்லை. சுருண்டே கிடக்கும், இரையை மறுக்கும், கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பார்க்கத் தெரிந்தவருக்கு அது கத்துவதைப்போலத்தான்.

இதில் கூண்டில் பெருக்கிய பாம்புக்கு ஒரு உண்மையான சாதகம் இருக்கிறது. காட்டில் பிடித்தது பெரும்பாலும் ஒட்டுண்ணிகளோடு வரும், மிரண்டு போய்ப் பட்டினி கிடக்கும். கூண்டில் பிறந்தது செத்த எலியைத் தயங்காமல் தின்னும், இடத்துக்கு ஒத்துப்போகும். வைத்திருப்பதாக முடிவாகிவிட்டால், வைத்திருக்க வேண்டியது இதைத்தான்.

சட்டம் ஒரே மாதிரி இல்லை

ஆஸ்திரேலியாவில் தனிநபர்கள் வெளிநாட்டுப் பாம்பு வளர்க்கக்கூடாது, ஆனால் உள்நாட்டுப் பாம்பை உரிமத்தோடு வளர்க்கலாம். விஷப்பாம்புக்கு மேல்நிலை உரிமமும் அனுபவமும் கேட்பார்கள். பிரிட்டனில் விரியன்களை வளர்க்க 1976ஆம் வருட ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். அந்த நாட்டின் ஒரே விஷப்பாம்பான ஆடர் விரியனைக் கொல்வதையும் விற்பதையும் 1981ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவில் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், நல்லபாம்பையோ விரியனையோ தனிநபர் செல்லப்பிராணியாக வைத்திருக்க முடியாது. கூண்டில் பிறந்தது என்று சொல்லியும் தப்ப முடியாது.

எதற்காக வைத்திருக்கிறோம்?

நான் எல்லா வளர்ப்பையும் எதிர்க்கவில்லை. ஹங்கேரியின் புல்வெளி விரியன் அழியும் தறுவாயில் இருந்தபோது, 2004ல் அங்கே ஒரு பெருக்க மையம் தொடங்கினார்கள். பாம்புகள் டப்பாவில் இல்லை, புல் முளைத்த வெளித்தொட்டிகளில் வாழ்கின்றன. உழுதும் மேய்த்தும் கெட்டுப்போன புல்வெளிகளை முதலில் சீர்செய்துவிட்டு, பிறகுதான் குட்டிகளை வெளியே விடத் தொடங்கினார்கள். கூண்டில் பெருக்கிய உள்நாட்டு விஷப்பாம்பு என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிக நல்ல பொருள் இதுதான்.

விஷமுறிவு மருந்துக்கு விஷம் வேண்டும், விஷத்துக்குப் பாம்பு வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த நாட்டுத் தரைப்பாம்புகளின் விஷத்தை ஒரு ஊர்வனக் காட்சிசாலைதான் மருந்து தயாரிப்புக்குத் தருகிறது. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வேறு வழியில் போகிறது. உரிமத்தோடு காட்டுப் பாம்பைப் பிடித்து, சில வாரம் பானைகளில் வைத்து, சில தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். கூண்டில் பெருக்குவதுதான் எப்போதும் மேலான வழி என்று சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

இதையெல்லாம் பார்க்கும்போது, பாம்பு காட்டில் பிறந்ததா கூண்டில் பிறந்ததா என்பதைவிட, அதை வைத்திருப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது, ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒருவரின் ரசனை மட்டுமே காரணம் என்றால், அந்த ரசனைக்கு அவர் எவ்வளவு உழைக்கத் தயார் என்று கேட்பேன். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் விஷப்பாம்பு உரிமத்துக்கு, அதே குடும்பப் பாம்புகளோடு 1,000 மணி நேர அனுபவத்தைக் காட்டச் சொல்கிறார்கள். நியாயமான நிபந்தனைதான். அதில் பெரும்பகுதி இன்னொருவரின் பாம்பு அறையில் கூட்டுவது, கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது என்றே போகும்.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில், இத்தனையும் படித்த பிறகும் ஒருவருக்கு ஆசை விடவில்லை என்றால், விஷமில்லாத பாம்பு ஒன்றோடு சில வருடம் இருந்து பார்க்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்ற மேலே சொன்ன எல்லாப் படிகளையும், அது விஷப்பாம்பு என்றே நினைத்து, ஒரு நாள்கூட விடாமல் செய்யட்டும். தன் பகுதி ஆஸ்பத்திரியில் அந்த இனத்துக்கான மருந்து இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் மனதார ஒத்துக்கொள்கிறார்களா என்று பார்க்கட்டும். தனக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பாம்பை யார் எடுத்துக்கொள்வார் என்பதை, அந்த ஆளின் கையெழுத்தோடு எழுதி வாங்கி வைக்கட்டும்.